ஓர் ஆறும் மூன்று துறைகளும்

திண்டிவனம் பக்கத்தில் திருவக்கரையை மக்கள் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று, வக்கிரகாளியம்மன். பௌர்ணமி இரவென்றால் சந்திரமௌலீசுவரர் கோயில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. மற்றொன்று, ஊரை ஒட்டிய செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்கள். கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் கல்மரத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும்.

வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருபவர்கள் இந்த இரண்டுக்குமாக வருவதில்லை. அவர்கள் போவது இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்கு. அங்கேயும் அவர்கள் தேடிப் போவது பழைய கப்பல்துறையை ஒட்டிய சில தெருக்களை மட்டும்தான். நேரான வீதிகள், மஞ்சள் சுவர்கள், கலங்கரை விளக்கம், கடற்கரைச் சாலை. பெரிய கப்பல் ஒன்றும் இப்போது அங்கே வருவதில்லை. கப்பல் வராத கப்பல்துறையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட, திருவக்கரையிலிருந்தே புறப்படுவோம். ஆற்றோடு கூடவே நடந்தால் வழி தவறாது.

திருவக்கரையை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சங்கராபரணி என்று பெயர். வராக நதி என்றும், செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரை வழியாக வில்லியனூர்ப் பக்கம் போய்க் கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. தெற்கே பிரிவது சுண்ணாம்பாறு. வடக்கே பிரிவது அரியாங்குப்பம் ஆறு. இந்த வடக்குக் கிளையின் முகத்தில்தான் நம் கதை முடியப் போகிறது.

முதலில் கல்மரங்களை ஒரு முறை உற்றுப் பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பிலுள்ள இந்தப் பூங்காவின் பரப்பு 247 ஏக்கர். சுமார் 200 மரங்கள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். புளியமரத்துக்கு உறவான மரங்களும், ஆமணக்குக் குடும்பத்து மரங்களும் இவற்றில் உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மரத்தின் உள்ளே நீர் ஊறி, அந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் படிந்து, மரம் இருந்த இடத்தில் கல் அமர்ந்துவிட்டது. ஆண்டு வளையங்கள்கூட அழியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த மரங்களுக்குக் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. எல்லாம் படுத்த வாக்கில் கிடக்கின்றன. அப்படியானால் இவை இங்கே முளைத்து நின்றவை அல்ல. எங்கோ காட்டில் சாய்ந்து, பெருவெள்ளத்தில் உருண்டு, மோதி, கிளையும் பட்டையும் கழன்று, கடைசியில் ஆற்று மணலுக்குள் புதைந்தவை. புதைத்த அந்த மணல்தான் இறுகிக் கடலூர் மணற்பாறை என்ற படிவுப் பாறையாயிற்று. புதுச்சேரிக்கு வடமேற்கே தெரியும் செம்மண் மேடும் அதே படிவுதான்.

ஆக, இந்த நிலத்தின் பழைய கதையே மணலின் கதை. மணலை மறக்காமல் நடங்கள்.

ஆற்றோடு இறங்கினால், புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில் ஒரு மேடு வருகிறது. அரிக்கமேடு. மாந்தோப்பு, தென்னை, அமைதி. இதுதான் நம் ஆற்றின் முதல் துறை.

1937இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்கு, ரோமப் பேரரசர் அகஸ்டசின் தலை என்று கருதத்தக்க உருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்று இங்கிருந்து கிடைத்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். இத்தாலியில் அரேசோ வட்டாரத்தில் வனைந்த, முத்திரை குத்திய சிவப்பு மட்பாண்டங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. அந்தப் பாண்டங்கள் எந்தக் காலத்தவை என்பது இத்தாலியிலேயே தெரிந்திருந்ததால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த தமிழ்நாட்டுப் பாண்டங்களுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அரிக்கமேடு ஒரு கடிகாரத்தைத் தந்தது என்று சொன்னால் மிகையாகாது. பிறகு 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அகழ்ந்தார்கள். ரோமர் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்து தொழில் செய்தார்கள் என்பது தெளிவாயிற்று. கண்ணாடி மணிகள் இங்கே கிடைத்ததற்குக் கணக்கில்லை. கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் குறிப்பேடு ஒன்று இக்கரையில் பொதுகே, சோபட்மா என்ற துறைகளைச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு என்றும், சோபட்மா திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இன்று அரிக்கமேட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். மரங்களுக்கு நடுவே உயரமாக நிற்கும் செங்கல் தூண்களைக் கண்டதும் ரோமர் கட்டியது என்று நினைக்கத் தோன்றும். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய மடத்தின் மிச்சம். உண்மையான பழைய துறையை ஆற்றங்கரையில்தான் பார்க்க வேண்டும். கரை அரிபட்ட இடங்களில் பழைய செங்கல்லும் ஓடும் எட்டிப் பார்க்கும். வீலர் காலத்திலேயே ஆறு இந்த மேட்டை அரித்துக்கொண்டுதான் இருந்தது. எந்த ஆறு துறையை உண்டாக்கியதோ அதே ஆறு அதைத் தின்கிறது.

இரண்டாவது துறைக்கு வருவோம். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்காகக் குடியேறினார். வந்தது துணிக்காக. ஆனால் இது ஒரு விசித்திரமான துறை. இங்கே கப்பல் நிற்க இயற்கையான ஒதுக்கிடம் கிடையாது. ஆற்று முகத்தை மணல் மேடு அடைத்துக்கொள்ளும். பெரிய கப்பல் உள்ளே நுழைய முடியாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில், திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆளும் கரை சேர வேண்டுமானால், நடுவே வரிசை வரிசையாக உடையும் அலைகளைத் தாண்ட வேண்டும்.

தாண்டியது எதில் தெரியுமா? மசூலாப் படகில். ஆணியே அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் மோதித் தரை தட்டினால் மூட்டு விட்டுப் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். மோதலின் விசையைப் படகின் உடல் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். மீகாமன்களும் கவர்னர்களும் இந்தக் கடற்கரை மீனவர்களின் கைத்திறனை நம்பித்தான் புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றை எழுதியவர்கள் துய்ப்ளேக்சுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகிறார்கள். படகுக்காரர்களுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

ஒதுக்கிடம் இல்லாத துறைக்கு ஊர்தான் துணை. பண்டசாலை, சுங்கச்சாவடி, கோட்டை, எல்லாம் கடலைப் பார்த்து வரிசையாக நின்றன. 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். சதுரங்கக் கட்டம் போட்டது போன்ற வீதி அமைப்பைத் திட்டமிட்டவர்கள் அவர்களே. பிரெஞ்சு நகரம் என்று இன்று நாம் வியக்கும் நேர் வீதிகளுக்கு டச்சுக்காரன் கோடு போட்டான் என்பது வேடிக்கைதான். 1761இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றிக் கோட்டையையும் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள், பழைய வீதிக் கோடுகளின் மேலேயே.

இடிபாடு கிடந்த அந்த ஆண்டுகளில் ஒரு வானியலார் இங்கே வந்து சேர்ந்தார். பெயர் லெ ழான்தி. சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடப்பதைக் கணக்கெடுக்க பிரான்சிலிருந்து புறப்பட்டவர். 1761இல் வந்தபோது போர். கரையில் இறங்க முடியாமல் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. ஆடும் கப்பலில் எந்தக் கணக்கு நிற்கும்? அடுத்த நிகழ்ச்சிக்காக எட்டாண்டு கிழக்குக் கடல்களிலேயே காத்திருந்தார். புதுச்சேரிக் கோட்டையின் இடிபாட்டின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு, 1769 ஜூன் மாதம் அந்தக் காலைப்பொழுதுக்காக விழித்திருந்தார். சரியாக அந்த வேளையில் மேகம் மூடிக்கொண்டது. காத்திருந்த மாதங்களில் அவர் செய்த இன்னொரு காரியம் வீண் போகவில்லை: உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் நம் நாட்டு முறையைக் கற்று, அதை ஐரோப்பாவில் எழுதி வெளியிட்டார். அரிக்கமேட்டின் பழைய செங்கற்சுவர்களைப் பற்றி முதன்முதலில் எழுதிய ஐரோப்பியர்களில் இவரும் ஒருவர். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பிரெஞ்சுக்காரரான இயற்கை ஆய்வாளர் சொன்னரா, 1781இல் திருவக்கரைக் கல்மரங்களைக் குறித்து எழுதினார். கப்பல்துறை என்றால் துணி ஏற்றும் இடம் மட்டுமல்ல பாருங்கள். கேள்வி கேட்பவர்கள் வந்து இறங்கும் இடமும் கூட.

இப்போது அந்தத் தெருக்களில் நிற்போம். நீங்கள் பகல் பதினொரு மணிக்குப் போனால் இந்த வீதிகளின் அருமை தெரியாது, வியர்த்துக் கொட்டும். பிற்பகல் வரை பொறுங்கள். தரை வெயிலில் சீக்கிரம் சூடேறும். கடல் மெதுவாகவே சூடேறும். தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புறப்பட்டு வரும். கிழக்கு மேற்காகப் போகும் ஒவ்வொரு குறுக்குத் தெருவும் அந்தக் காற்றுக்கு ஒரு குழாய். வீடுகளின் உயர்ந்த கூரையும், ஆளுயர மரச் சன்னல்களும், சுண்ணாம்புச் சுவரும், நடு முற்றமும் இந்தக் காற்றை எதிர்பார்த்துக் கட்டியவை. வாய்க்காலைத் தாண்டி மேற்கே போனால் தமிழர் வீதிகள். அங்கே திண்ணையும் தாழ்வாரமும் அதே வேலையை வேறு முறையில் செய்கின்றன. கப்பல் வரவு செலவை நாள்தோறும் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. கடலோரத் தெருக்களில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாதி ஊரைப் பார்த்துவிட்டு முழு ஊரைப் பார்த்ததாக நினைக்கிறார்கள்.

நகரத்தாருக்கு இங்கே என்ன கவர்ச்சி என்று கேட்டோம். என் கணிப்பு இது: நடந்து போகக்கூடிய ஊர் என்பதே பெரிய கவர்ச்சி. கட்டை வண்டியும் கூலியாளும் மூட்டை சுமந்து போவதற்காக அளவெடுத்த தெருக்கள் இவை. எந்தத் தெருவில் நின்றாலும் கிழக்கே முடிவில் வானம் தெரியும். வழி கேட்க வேண்டியதில்லை. துறைத்தொழில் போய்விட்டது, துறைக்காக எடுத்த அளவு மட்டும் நிற்கிறது. பெரிய கப்பல்கள் வேறு இடம் தேடிப் போகாமல் இங்கேயே வந்துகொண்டிருந்தால், இந்த வீடுகள் இருந்த இடத்தில் கிடங்குகளும் லாரி நிலையமும் அல்லவா இருந்திருக்கும்!

துறை ஓய்வதற்கு முன் ஒரு நல்ல காலமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மேட்டு நிலங்களில், அதாவது நம் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில், வேர்க்கடலை பரவிற்று. மூட்டை மூட்டையாகப் புதுச்சேரி வழியாக பிரான்சின் மர்செய் துறைக்குப் போய், அங்கே எண்ணெயும் சோப்புமாயிற்று. அலையைத் தாண்டும் தொல்லையைக் குறைக்க 1860களில் கடலுக்குள் இரும்புத் தூண்கள் நட்டுப் பாலம் அமைத்தார்கள். 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. கடலையோடு மனிதர்களும் ஏறினார்கள். ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் பல்லாயிரவர். பலர் திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் மாலை உலாவப் போகும்போது இதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

அந்த இரும்புப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் போயிற்று. காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் அதன் கட்டைத் தூண்கள் இன்னும் தலைகாட்டுகின்றன. சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கற்றூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. நம் ஆறு பிறக்கும் ஊரின் கல், அது கடலைச் சேரும் ஊரில் நிற்கிறது. பின்னர் தெற்கே கட்டிய புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் சரிந்தது. 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கு 1979இல் ஓய்வு பெற்றது. கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

இனி மூன்றாவது துறை. 1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், மணல் அடைக்காமல் படகுகள் வந்துபோக, கடலுக்குள் நீளும் இரண்டு கல் சுவர்களைக் கட்டினார்கள். மீன்பிடித் துறைக்கு வழி பிறந்தது. ஆனால் இங்கே மணல் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கியது.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக, தெற்கிலிருந்து வந்து தொடுகின்றன. அலை ஏறும்போது மணலைச் சாய்வாக மேலேற்றும். இறங்கும்போது நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் ஓரடி வடக்கே நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் இது திசை மாறித் தெற்கே போகும். ஆனால் அந்தப் பருவம் குறுகியது. ஆண்டுக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் மணல் வடக்கே போகும் ஊர்வலம்தான். ஊர்வலத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே கூட்டம் சேரும், வடக்கே வெறுமை.

இது புதிய பாடமல்ல. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870களில் எழத் தொடங்கிய பிறகு, தெற்கே மெரினா அகன்றுகொண்டே போயிற்று. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. நூறாண்டுப் பாடம் கண்ணெதிரே இருந்தும் புதுச்சேரியில் அதே கதை நடந்தது. சுவருக்குத் தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளிவிடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. ஊருக்கு எதிரே இருந்த மணற்கரை சில ஆண்டுகளில் காணாமற்போயிற்று. சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைச் சுற்றுலாப் பயணிகள் புதுச்சேரிக் கடற்கரை என்றால் கரும்பாறை என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

பிறகு ஒரு முயற்சி நடந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, 2018இலும் அதை ஒட்டியும், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவமான பெரிய எஃகுக் கூடு ஒன்றை அமிழ்த்தினார்கள். அலையின் வேகம் அதில் அடங்குகிறது. துறைமுகத்தைத் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். காந்தி சிலைக்கு அருகே முப்பதாண்டுகளுக்குப் பிறகு குழந்தைகள் மணலில் கால் நனைத்தார்கள். நகரத்தார் கூட்டம் இன்னும் கூடிற்று.

மகிழ்ச்சிதான். ஆனால் ஆற்றோடு வந்த நாம் இங்கே நின்றுவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் வடக்கே போவோம். புதுச்சேரி எல்லை முடிந்து, மறுபடி விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். எல்லாம் மீனவர் குடியிருப்புகள். புதுச்சேரி நகரத்தின் முன் கல் கொட்டியபோது, கிடைக்காத மணலுக்குக் கடல் அடுத்த இடத்தில் கை வைத்தது. இந்த ஊர்களில் வீடுகளும் தென்னைகளும் கடலுக்குள் போயின. இங்கேயும் கல் கொட்டினார்கள், கடலுக்குள் குறுக்குச் சுவர்கள் நீட்டினார்கள். ஒவ்வொரு சுவரும் தன் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பசியை வடக்கேயுள்ள ஊருக்கு அனுப்பி வைக்கிறது. மணற்கரை இல்லாத மீனவன் கட்டுமரத்தை எங்கே ஏற்றுவான், வலையை எங்கே உலர்த்துவான்? மசூலாப் படகில் அலை தாண்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் அல்லவா இவர்கள்?

விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் தெற்கே சேரும் மணலைத் தோண்டி எடுத்து வடக்குக் கடற்கரையில் சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். செலவு பிடிக்கும் வேலைதான். கல் கொட்டுவதற்கும் செலவு உண்டு. அதுவும் ஒரு முறையோடு முடிவதில்லை.

அடுத்த முறை நீங்கள் புதுச்சேரிக்குப் போவதாக இருந்தால், காலையில் திண்டிவனத்தில் இறங்கித் திருவக்கரைக்கு ஒரு பேருந்து பிடியுங்கள். கல்மரத்தின் மேல் கை வைத்து வளையங்களை எண்ணிப் பாருங்கள். பகலில் அரிக்கமேடு, அங்கே கிடைத்த பொருள்கள் சிலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். வெயில் தாழ்ந்ததும் வாய்க்காலின் இருபுறத் தெருக்களிலும் நடங்கள். மறுநாள் விடியற்காலையில் கடற்கரைச் சாலையோடு திரும்பிவிடாமல் தந்திராயன்குப்பம் வரை போய் வாருங்கள். படகுகள் கரை திரும்பும் நேரம் அது. இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மணலில் அவற்றை ஏற்றுவதற்கு எத்தனை பேர் தோள் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.